மூன்று நிமிடத் தோடி

(பொன்னமராவதியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்துப் பெரியோர்களே, ஆசிரியப் பெருமக்களே, மேளக்கார உறவுகளே, ஓரத்தில் மிக்ஸரோடு உட்கார்ந்திருக்கும் மைக் செட் தம்பி, அனைவருக்கும் வணக்கம்.

மைக் செட் தம்பியை எதற்காகச் சபை வணக்கத்தில் சேர்க்கிறான் என்று சிலர் நினைக்கலாம். இன்றைய பேச்சில் பாதி அவருடைய தொழிலைப் பற்றியது. நான் நாகசுரம் வாசிப்பவன். கோயிலில் வாசித்திருக்கிறேன், கல்யாணத்தில் வாசித்திருக்கிறேன், வானொலி நிலையத்துக் கண்ணாடி அறையிலும் வாசித்திருக்கிறேன். கையில் இருப்பது ஒரே வாத்தியம்தான். ஆனால் இடத்துக்கு இடம் அது வேறு வாத்தியமாகவே கேட்கிறது. ஏன் அப்படி என்று தேடப் போய்த்தான் இசைத்தட்டு, ஒலிபெருக்கி, ஒப்பந்தம், ராயல்டி என்று பலதையும் படிக்க நேர்ந்தது. அந்த வழியில் அமெரிக்க ஜாஸ் இசைக்காரர்களின் கதையும் வந்து சேர்ந்தது. நம் கதையை அவர்கள் நமக்கு முன்னாலேயே பட்டு முடித்திருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசையைப் பிடித்துவைக்க வந்த எந்த இயந்திரமும் மூன்று விஷயங்களில் நம்மைக் கேட்காமலே முடிவெடுத்துவிடுகிறது. எவ்வளவு நேரம் வாசிக்கலாம், எந்த ஒலி கேட்கலாம், காசு யாருக்குப் போகும் என்பவையே அந்த மூன்று. எந்த வித்துவான் இயந்திரத்தைக் கற்றுக்கொண்டு அந்த முடிவில் தானும் கைவைத்தாரோ அவருடைய இசை தப்பித்தது.

1. கல்லில் பொறித்ததும் காற்றில் போனதும்

இசையைப் பதிந்துவைக்கும் ஆசை நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் புதிதல்ல. குடுமியான்மலைக் குடைவரையின் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் வழக்கு. ஏழு பகுதிகளாகச் சுர வரிசைகளை அடுக்கியிருக்கிறார்கள். ஒரே சுரம் ர, ரி, ரு, ரெ என்று நான்கு உயிரொலிகளில் வருகிறது. பொறிக்கச் செய்த மன்னர் தம்மை ருத்ராசாரியரின் மாணவர் என்று சொல்லிக்கொள்கிறார். எழுத்து இன்றும் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உயிரொலி மாற்றத்தின் பொருள் என்ன, அதை எப்படி வாசித்தார்கள் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. எழுதியது நின்றது, கமகம் காற்றோடு போய்விட்டது.

அதே புதுக்கோட்டையில்தான் மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றினார். அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் ஒரு தலைமுறையையே ஆண்டவர். 1936இல் மறைந்தார். இவர்கள் வாழ்ந்த காலத்திலேயே கிராமபோன் இந்தியாவுக்கு வந்துவிட்டது. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவு செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்றவர்களின் குரல்கள் நம் பக்கத்திலிருந்தும் தட்டில் ஏறின. பாடகர்களுக்குக் கிடைத்த இந்த இடம் தாள வாத்தியக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் ஒரு தகரக் குழல்.

2. குழலுக்கு முன்னால்

1925 வரை பதிவில் மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்புக் குழலுக்கு முன்னால் நின்று பாட வேண்டும். குழலின் மறுமுனையில் ஒரு சவ்வு, அதில் ஓர் ஊசி, ஊசிக்குக் கீழே சுழலும் மெழுகு. குரலின் விசைதான் மெழுகைக் கீற வேண்டும். ஆகவே கணீரென்று பாடுபவர் பிழைத்தார். மெல்லிய குரல்காரர் குழலுக்குள் தலையை விடாத குறையாக நின்றார். பெரிய தாள வாத்தியத்தின் கனத்த அடி விழுந்தால் ஊசி துள்ளி மெழுகே பாழாகிவிடும்.

1923இல் அமெரிக்காவில் ரிச்மண்ட் என்ற ஊரில் ஜென்னட் நிறுவனத்தின் பதிவுக் கூடத்தில் கிங் ஆலிவரின் ஜாஸ் குழு வாசித்தது. ரயில் பாதைக்கு அருகில் இருந்த கூடம் அது. வண்டி போகும்போது பதிவை நிறுத்துவார்கள். டிரம் வாசித்த பேபி டாட்ஸ், பெரிய டிரம்மை விட்டுவிட்டு மரக்கட்டையைத் தட்ட வேண்டியிருந்தது. குழுவில் இளைஞராக இருந்த லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் மற்ற எல்லாரையும் அமுக்கியதால் அவரைக் குழலிலிருந்து தள்ளி நிற்கவைத்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் ஊர்வலமாகப் போகும்போது அந்த இசை எப்படிக் கேட்டிருக்கும் என்பதை அந்தத் தட்டு சொல்லாது. குழல் எதைத் தாங்கியதோ அதை மட்டும் சொல்லும்.

நம் பழைய தட்டுகளில் தவில் எங்கோ பக்கத்துத் தெருவில் வாசிப்பதுபோல் கேட்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். வலப்பக்கமான வலந்தலையின் ‘சொல்’ ஓரளவு வரும். இடப்பக்கமான தொப்பியின் ஆழம் வராது. அதை வைத்துக்கொண்டு ‘அந்தக் காலத்துத் தவில் அடக்கமாக இருந்தது’ என்று ஒரு கருத்து சொல்லித் திரிகிறார்கள். இயந்திரத்தின் குறையை வாசித்தவரின் பாணியாக எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

அடுத்தது நேரம். 10 அங்குல 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம். சுவாமி புறப்பாட்டில் நாகசுர மேதை ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்கில் வாசித்த தோடி ராகத்தை அந்த அளவுக்குள் அடக்க வேண்டும். அவர் அதைச் செய்து காட்டினார். தோடித் தட்டு பெரும் பெயர் பெற்றது. சன்னதித் தெருவில் வாசித்ததைக் கத்தரித்து அவர் தட்டில் ஒட்டவில்லை. மூன்று நிமிடத்துக்கென்றே ராகத்தின் முகத்தை உடனே காட்டும் வேறொரு கட்டுமானம் செய்தார். ஜாஸிலும் 1920களின் பிற்பாதியில் ஆம்ஸ்ட்ராங் இதே வித்தையைத்தான் செய்தார். இரண்டு பேரும் இயந்திரத்தின் அளவைப் புரிந்துகொண்டு வாசித்தவர்கள்.

ஆனால் இதற்கு ஒரு பின்விளைவு உண்டு. தட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் தோடி என்றால் அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். மாதிரிக்குக் காட்டியதை முழுச் சரக்கு என்று நினைத்துவிட்டார்கள். இன்றும் வகுப்புக்கு வரும் பையன், தட்டில் வந்த சங்கதிகளை வரிசை மாறாமல் வாசிக்கிறான். ‘அடுத்து என்ன தம்பி?’ என்றால் முழிக்கிறான்.

3. மாட்டேன் என்றவர்கள்

பாடகர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை தட்டு கொடுக்க மறுத்தவர். ‘ஃபுல் பெஞ்ச்’ என்று பெயர் வாங்கிய பெரிய பக்கவாத்தியக் கூட்டத்தோடு பல்லவியில் கணக்கு வழக்கைக் கரைத்துக் குடித்தவருக்கு மூன்று நிமிடத்தில் என்ன வேலை? 1934இல் மறைந்தார். அவருடைய குரல் நமக்கு இல்லை. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை போன்ற மாணவர்கள் வழியாகவே அந்தப் பாணி வந்து சேர்ந்தது.

நியூ ஆர்லியன்ஸில் ஃபிரெடி கெப்பர்ட் என்ற கார்னெட் வித்துவானைப் பற்றியும் இப்படி ஒரு கதை சொல்வார்கள். பிறர் தம் வித்தையைத் திருடிவிடுவார்கள் என்று விரல்கள் மேல் கைக்குட்டை போட்டு வாசித்தாராம். தட்டு நிறுவனம் அழைத்தபோது மறுத்துவிட்டாராம். கதையில் எத்தனை பங்கு உண்மையோ, நடந்தது இது: 1917 பிப்ரவரியில் நியூயார்க்கில் முதல் ஜாஸ் தட்டைப் பதிவு செய்தது வெள்ளையர் குழு ஒன்று. கறுப்பினத்தவர் வளர்த்த இசைக்கு உலகச் சந்தையில் முதல் முகம் வேறொருவருடையதாகப் போய்விட்டது. மறுத்தவருடைய மானத்தை நான் மதிக்கிறேன். அதே சமயம், மறுத்தவரின் இடம் காலியாகக் கிடப்பதில்லை என்பதையும் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

தனி ஆளாக மறுப்பது ஒன்று. கூடி மறுப்பது வேறு. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ 1942 ஆகஸ்ட் 1 முதல் தட்டுக் கம்பெனிகளுக்கு யாரும் வாசிக்கக் கூடாது என்று அறிவித்தார். தட்டும் வானொலியும் வந்ததால் நேரில் வாசிக்கும் வேலை போகிறது. அதற்கு ஈடு கொடுங்கள் என்பது கோரிக்கை. டெக்கா ஓராண்டில் இறங்கி வந்தது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரில்தான் கையெழுத்திட்டன. விற்ற தட்டுக்குக் கணக்கிட்டுச் சங்க நிதிக்குப் பணம் வந்தது. அதற்குக் கொடுத்த விலையும் சின்னதல்ல. சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் ஜாஸை வேறு திசைக்குத் திருப்பிய அந்த ஆண்டுகளின் வாசிப்பில் பெரும்பகுதி தட்டில் ஏறவே இல்லை. நம் மேளக்காரர்கள் அப்படி ஒருமுறையாவது ஒன்றாக உட்கார்ந்து கணக்குக் கேட்டதுண்டா? ஒரே முகூர்த்தத்துக்கு ஒருவர் கேட்ட சன்மானத்தைவிட இன்னொருவர் குறைத்துக் கேட்பதைத்தான் நான் பார்த்து வருகிறேன்.

4. மைக் வந்தது, நாகசுரம் நீண்டது

பழைய நாகசுரம் திமிரி. குட்டை வாத்தியம், நாலு, ஐந்து கட்டைச் சுருதி. நாலு வீதிக்கும் கேட்க வேண்டுமென்றே பிறந்தது. ராஜரத்தினம் பிள்ளை சுருதியை இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறக்கினார். வாத்தியம் நீண்டு பாரி ஆனது. குரல் போலக் குழையும் நாதம் வந்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அந்த நீண்ட வாத்தியத்தில் சுத்த மத்தியமம் சரியாகப் பேசும்படி துளைக் கணக்கைச் சீர்செய்து கொடுத்தார். 2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

இந்த மாற்றத்தின் பெருமையை மேதையின் கற்பனைக்கும் ஆசாரியின் உளிக்கும் மட்டும் கொடுத்தால் போதாது. சபா மேடையும் மைக்கும் வந்துவிட்ட காலம் அது. வீதிக்குக் கேட்க வேண்டிய கட்டாயம் குறைந்தபோதுதான் சுருதியை இறக்க இடம் கிடைத்தது என்பது என் எண்ணம். மைக்கைப் பழிப்பவர்களுக்கு நான் இதைச் சொல்வேன்: இன்று நாம் உருகிக் கேட்கும் பாரி நாதத்தில் மைக்குக்கும் பங்கு உண்டு.

தவிலின் கதை வேறு. வார் பிடித்த தவில் போய், இரும்பு வளையமும் திருகாணியும் வந்தன. முறுக்கிவிட்டால் வலந்தலை விண்ணென்று நிற்கும். நாகசுரம் சுருதி இறங்கி மென்மையானது. தவிலோ முறுக்கேறிக் கூர்மையானது. இரண்டையும் ஒரே மேடையில் சமன்செய்யும் பொறுப்பு மிக்ஸருக்கு வந்துவிட்டது. நம் மாவட்டத்து ஊர்ப் பெயரைத் தம் பெயராக்கிக்கொண்ட தவில் வித்துவான் வலயப்பட்டி சுப்பிரமணியம் 2009இல் சங்கீத கலாநிதி ஆனார். அந்த விருது தவிலுக்குக் கிடைத்தது அதுவே முதல்முறை. அந்தக் கையின் நயத்தை ஒலிப்பெட்டி முழுதாகக் கொடுத்ததா என்று கேட்டால், பல மேடைகளில் இல்லை என்றுதான் சொல்வேன்.

5. அணசுக்குள் மைக்

மைக் செட் தம்பிக்குச் சில வார்த்தைகள். கோபித்துக்கொள்ளக் கூடாது.

மேடையில் ஏறியதும் எங்கள் வாத்தியத்தின் கீழ்முனை வாயான அணசுக்கு நேராக மைக்கைக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். பாடகர் வாய்க்கு மைக் வைத்துப் பழகிய கை அது. நாகசுரத்தின் ஒலி அணசு வழியாக மட்டும் வருவதில்லை. திறந்திருக்கும் விரல் துளைகள் வழியாகத்தான் பெரும்பகுதி வருகிறது. எல்லாத் துளையும் மூடிய கீழ்ச் சுரத்தில் மட்டும் அணசு முழுதாகப் பேசும். அணசுக்குள் மைக் வைத்தால் அந்த ஒரு சுரம் இடிபோல் விழும். மேலே வாசிக்கும் நிரவலின் கமகம் தேயும். வாயில் வைத்து ஊதும் சீவாளியின் காற்றோசை பெரிதாகும். மைக்கை மூன்றடி தள்ளி, விரல்களைப் பார்த்தபடி சற்று உயரத்தில் வையுங்கள். கிளாரினெட்டுக்கும் இதுதான். திருச்சி ஏ.கே.சி. நடராஜன் கர்நாடக இசையில் வாசித்துப் புகழ்பெற்ற அதே கிளாரினெட்தான் ஜாஸின் ஆரம்ப காலத்து வாத்தியமும். அங்கே பதிவுப் பொறியாளர்கள் இந்தப் பாடத்தை எப்போதோ படித்துவிட்டார்கள். நியூ ஜெர்சியில் பெற்றோர் வீட்டுக் கூடத்தையே பதிவறையாக்கிய ரூடி வான் கெல்டர் பகலில் கண் பரிசோதகர். வாத்தியம் வாத்தியமாக அவர் மைக் வைத்த இடத்துக்காகவே அந்தத் தட்டுகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

தவிலுக்கு இரண்டு மைக் வேண்டும். கூம்பு ஒலிபெருக்கியில் தொப்பியின் கீழ் ஒலி வரவே வராது. அதன் அமைப்பு அப்படி. அது அறிவிப்புச் செய்யப் பிறந்த சாதனம். எக்கோவைத் தயவுசெய்து மூடிவிடுங்கள். கோயில் பிராகாரத்துக் கல்லே வேண்டிய எதிரொலியைத் தரும்.

கைபேசிப் பதிவிலும் இதே கதைதான். ஒலி பெரிதானால் கைபேசி தானாகவே அளவைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே தவிலின் தீர்மானம் வரும் இடத்தில் எல்லாம் ஒரே மட்டமாகிவிடும். கொரோனா காலத்தில் இணையம் வழியாக வகுப்பு எடுத்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். இரைச்சலை நீக்கும் மென்பொருள் சுருதிப்பெட்டியை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். எந்தச் சுருதியில் நின்று வாசிக்கிறோமோ அதையே குப்பை என்று அது தள்ளிவிட்டது.

எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது மின்சார மேளம். மோட்டார் சுற்றுகிறது, கம்பி முனையில் கட்டிய கட்டை தோலை அடிக்கிறது, பக்கத்தில் மணி ஆடுகிறது. தீபாராதனைக்குச் சுவிட்சைத் தட்டினால் போதும். அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மாதச் சம்பளம் கொடுத்து ஒரு நாகசுரம், ஒரு தவில் வைக்க வழியில்லாத சிறு கோயில் அதை வாங்குகிறது. ஆனால் வழியுள்ள கோயில்களும் வாங்கிவிட்டன.

6. காசு யாருக்கு

தட்டு வியாபாரத்தில் நம் பக்கத்து ஊருக்கும் பங்கு உண்டு. காரைக்குடியில் தந்தையின் கடையில் கிராமபோன் தட்டு விற்ற இளைஞர்தான் பின்னாளில் ஏவி.எம். மெய்யப்பன். சென்னைக்குப் போய்ச் சரஸ்வதி ஸ்டோர்ஸில் பங்காளியாகித் தட்டு வெளியிட்டு, அங்கிருந்து சினிமாவுக்குப் போனார். தட்டு ஒரு பெரிய தொழிலாகலாம் என்று செட்டிநாட்டுக் கண்ணுக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது.

வாசித்தவர் நிலை வேறு. அன்றைய வழக்கம் ஒரே தொகை: வாசித்தாயா, வாங்கிக்கொள், அதோடு தீர்ந்தது. கொலம்பியாவுக்கு எத்தனையோ தட்டு விற்றுக்கொடுத்த ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்துக்கு ராயல்டி இல்லை. நம் பக்கத்திலும் பலர் கதை அதுவே. ஒப்பந்தத்தைத் தம் விருப்பப்படி பயன்படுத்தியவர்களும் உண்டு. 1963இல் வந்த வெங்கடேச சுப்ரபாதம் தட்டின் ராயல்டியை எம்.எஸ். சுப்புலட்சுமி திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு எழுதிக்கொடுத்தார். உரிமை இருந்தால்தான் கொடை கொடுக்க முடியும். இளையராஜா தம் பாடல்களின் உரிமைக்காக ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்துவதைப் பேராசை என்று பேசுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

எனக்கும் ஒரு சின்ன அனுபவம் உண்டு. கேசட் காலத்தில் நான் வாசித்த மங்கல இசையை ஒரு நிறுவனம் வெளியிட்டது. பெயர் வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் கேசட் இன்றும் பென் டிரைவில் கல்யாண மண்டபங்களில் ஓடுகிறது. நான் வாசித்த கெட்டிமேளமே எனக்கு வரவேண்டிய முகூர்த்தத்தைத் தட்டிப் பறிக்கிறது!

இப்போது சட்டம் சற்று நம் பக்கம். பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகலைஞர் உரிமை என்று ஒன்று உண்டு. 2012 திருத்தத்தில் அது வலுப்பெற்றது. உங்கள் வாசிப்பை ஒருவர் தாம் கேட்க மட்டும் கைபேசியில் பிடிக்கலாம். பாடம் சொல்லவும் ஆய்வுக்கும் பிடிக்கலாம். உங்கள் சம்மதமில்லாமல் பதிவு செய்து சேனலில் போட்டுச் சம்பாதிக்க முடியாது. வணிகமாகப் பயன்படுத்தினால் ராயல்டி கேட்கலாம். நிகழ்ச்சி நடந்த அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுக்கு இந்த உரிமை நிற்கும். அதே சட்டம், கல்யாண வீட்டிலும் ஊர்வலத்திலும் தட்டு ஓடினால் அது உரிமை மீறல் ஆகாது என்றும் சொல்கிறது. பென் டிரைவ் மேளத்தை நீதிமன்றம் நிறுத்தாது. கல்யாண வீட்டுக்காரர்தான் நிறுத்த வேண்டும்.

இணைய மேடைகளின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பாட்டிஃபையில் ஒரு பதிவை 30 விநாடி கேட்டால் ஒரு கணக்கு. அரை மணி நேர ஆலாபனையை முழுதாகக் கேட்டாலும் அதே ஒரு கணக்குதான். 2024 முதல் ஆண்டுக்கு 1,000 முறைக்குக் கீழே கேட்கப்பட்ட பதிவுக்குக் காசே இல்லை. 78 சுற்றுத் தட்டு நமக்கு மூன்று நிமிடம் கொடுத்தது. இது அரை நிமிடம் கொடுக்கிறது. இதற்கென்று ஒரு தோடி வாசிக்க முடியுமா? என்னால் முடியாது. நீண்ட வாசிப்பை ரசிகரிடமே நேராகக் கொண்டுசேர்க்கும் வழியைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

7. கேட்டுக்கொள்பவை

ஊர்ப் பெரியவர்களுக்கு: திருவிழாவில் சுவாமி புறப்படும்போது வாசிக்கும் மல்லாரிக்கு மட்டுமாவது மைக்கை அணைத்து வையுங்கள். மல்லாரி வாசல் மண்டபத்துக்கும் வீதிக்கும் அளவெடுத்துச் செய்த இசை. பிள்ளைகள் ஒருமுறை அதைத் தோலும் மரமுமாகக் கேட்கட்டும். பிறகு கச்சேரி மேடையில் மைக் வையுங்கள். சரியான இடத்தில் வையுங்கள்.

இளைய மேளக்காரர்களுக்கு: அச்சாரம் வாங்கும்போதே பதிவு பற்றியும் பேசிவிடுங்கள். யார் பிடிக்கிறார்கள், எங்கே போடுவார்கள், பங்கு என்ன என்று அரைப் பக்கம் எழுதி வாங்குங்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய தட்டுகளைக் கேளுங்கள். அவற்றில் என்ன கேட்கவில்லை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இசைப் பள்ளி ஆசிரியர்களுக்கு: நாகசுரம், தவில் பாடத்தோடு மைக் வைப்பதையும் ஒலி சமன்செய்வதையும் ஒரு பருவமாவது சொல்லிக் கொடுங்கள். சீவாளி செதுக்கத் தெரியாமல் நாகசுரக்காரன் ஆக முடியாது. மிக்ஸரில் தன் வாத்தியம் எந்தக் குமிழில் இருக்கிறது என்று தெரியாமலும் இனிமேல் ஆக முடியாது.

அறக்கட்டளையாருக்கு ஒரு வேண்டுகோள்: இந்தச் சீமையில் இன்று வாசிக்கும் மூத்த வித்துவான்கள் ஒவ்வொருவரையும் நல்ல கருவி கொண்டு, நேர வரம்பு இல்லாமல், அவர்கள் வாசித்துப் பழகிய கோயில் மண்டபத்திலேயே பதிவு செய்யுங்கள். ஒப்பந்தத்தில் உரிமை அவர்கள் பேரிலும் அவர்கள் பிள்ளைகள் பேரிலும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருவர் போதும். அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேச வருபவர், முதல் பதிவைப் போட்டுக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும்.